கையெழுத்து முதலில், சாவி பிறகு

அத்தியாயம் 11

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா நல்லேப்பிள்ளியில் ஆறே முக்கால் சென்ட் நிலமும் அதிலுள்ள ஓட்டு வீடும் வங்கியின் இணைய ஏலத்தில் விற்பனையாயின. ஏலத்தில் கலந்துகொண்டவர் ஒருவர்.

அந்த ஒருவர் ஏசுரத்தினம். சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் ஃபேக்டரியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, மார்ச் மாதம் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி கைக்கு வரும். லயத்து வீட்டை விட்டால் போவதற்கு ஒரு வீடு வேண்டும். அதற்காகத்தான் இந்த ஏலம்.

மகன் ஜோபி கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் இருந்தான். பேப்பரில் ஏல விளம்பரத்தைப் பார்த்தவன் அவன்தான். சந்தை விலையில் பாதிக்குச் சற்றே மேல். மீதிப் பணத்தை ஜூலைக்குள் கட்டினார்கள். விற்பனைப் பத்திரம் வந்தது. போக்குவரவு என்னும் பெயர் மாற்றம் முடிந்து, நிலவரி கட்டிய ரசீதுகூட ஏசுரத்தினம் பேரிலேயே வந்துவிட்டது.

சாவி மட்டும் வரவில்லை.

போன வாரம் ஏசுரத்தினம் மூணாறு பஜாரில் வாங்கிய புதுப் பூட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தனியாக நல்லேப்பிள்ளிக்கு வந்தார். கதவைத் தட்டினார். உள்ளிருந்து ஒரு பெண் திறந்தாள். பத்து நிமிடம் நின்றுவிட்டு, பூட்டோடு திரும்பிப் போனார். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று மனைவி இன்பமேரி எத்தனை முறை கேட்டும், "இருக்காவ" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவரிடமிருந்து வரவில்லை.

இன்று செப்டம்பர் 23, திங்கட்கிழமை. லயத்தைக் காலி செய்ய எஸ்டேட் கொடுத்த கெடு 30ஆம் தேதி. இன்பமேரி இந்த முறை புருஷனைத் தனியாக அனுப்பவில்லை.

நேற்று ஆராதனை முடிந்ததும் இருவரும் கிளம்பி, மறையூர் வழியாக இறங்கி, உடுமலையில் அவளுடைய தங்கை வீட்டில் தங்கினார்கள். காலையில் பொள்ளாச்சி பஸ், அங்கிருந்து பாலக்காட்டு பஸ். வழியெல்லாம் ஏசுரத்தினம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டைப் பற்றிய கவலை என்றுதான் இன்பமேரி நினைத்தாள். பையில் பூட்டு இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் முழங்காலில் இடித்தது.

வங்கி வாசலில் ஜோபி காத்திருந்தான். லீவு போட்டிருந்தான். பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் பூட்டு வந்திருக்கு. கதவுதான் இன்னும் வரல" என்றான்.

மாடியில், கடன் வசூல் பிரிவில், நிமி என்ற அதிகாரி இருந்தாள். முப்பது வயதிருக்கும். போன மாதம்தான் இந்த நாற்காலிக்கு வந்தவள். ஏலத்தை நடத்திய அதிகாரி கண்ணூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்கு ஜோபி பதினாறு முறை போன் செய்திருந்தான். இரண்டு முறை எடுத்து, கோப்பு இப்போது தன்னிடம் இல்லை என்று சொன்னார்.

ஜோபி கேட்க வேண்டியதைக் கேட்டான். பணம் முழுதும் கட்டியாயிற்று, பத்திரம் பதிவாயிற்று, வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது, எப்போது காலி செய்து கொடுப்பீர்கள்.

நிமி கோப்பைப் புரட்டினாள். ஒரு தாளில் நின்றாள். அதை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"சேட்டா, இது நிங்கட ஒப்பு அல்லே?"

ஏசுரத்தினம் குனிந்து பார்த்தார். ஆங்கிலத்தில் அரைப் பக்கம். கீழே அவருடைய கையெழுத்து, தேதி ஜூலை 31.

"என்னுதுதான்."

ஜோபி தாளை எடுத்துப் படித்தான். படித்துவிட்டு மறுபடி படித்தான். பிறகு அம்மாவுக்காகத் தமிழில் சொன்னான். சொத்தைக் காலியாக, எந்தத் தடையும் இல்லாமல், இன்று நேரில் பெற்றுக்கொண்டேன், இனி வங்கியிடம் எந்தக் கோரிக்கையும் இல்லை. அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கீழே டோக்கன் எண் கூப்பிடும் ஒலி கேட்டது.

"ஒரு போன் போட்டுருக்கலாம்லா அப்பா" என்றான் ஜோபி. "கஞ்சிக்கோட்டுல இருந்து இருபது நிமிஷத்துல வந்திருப்பேன்."

"ஆபீஸ்ல கையெழுத்து போட்டாத்தான சாவி எடுத்துக் குடுப்பாவ" என்றார் ஏசுரத்தினம். "எங்கயும் அப்படித்தான."

இன்பமேரிக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் அவளுக்கு வலித்தது. முப்பத்தோரு வருடம் முன்பு கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், எஸ்டேட் ஆபீசில் இவர் குவார்ட்டர்ஸ் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டதை அவள் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் சுவரில் மாட்டிய பலகையிலிருந்து சாவியை எடுத்தார்கள். தகரத் துண்டில் வீட்டு எண் அடித்த சாவி. வாட்சர் கூட வந்து கதவைத் திறந்துவிட்டான். உள்ளே காலியாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எஸ்டேட்டில் ஒருவருக்குக் கொடுத்த வீட்டில் இன்னொருவர் இருந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைகள் பிறந்து, ஓடு மாற்றி, பக்கத்து லயத்துக்கு மாறியபோதும் அதே ரெஜிஸ்டர், அதே பலகை. வாழ்நாளில் அவர் திறந்த வீடுகள் எல்லாமே கையெழுத்துக்குப் பிறகு திறந்தவைதான்.

ஜூலை 31 அன்று அந்தப் பழைய அதிகாரி மூன்று இடத்தில் விரலை வைத்திருக்கிறார். இங்கே, இங்கே, இங்கே. சாவி பின்னால் வரும் என்றும் சொல்லியிருக்கிறார்.

நிமி சுற்றி வளைக்காமல் நிலைமையைச் சொன்னாள். ஆள் குடியிருக்கும் வீடென்றால் கோர்ட் உத்தரவு வாங்கி, போலீஸோடு போய்க் காலி செய்து கொடுப்பது வங்கியின் வேலை. ஆனால் ஒப்படைத்துவிட்டதாகக் கையெழுத்து இருக்கும்போது கோப்பு முடிந்துபோன கோப்பு. இனி வீட்டில் இருப்பவர்கள் வாங்கியவரின் பொறுப்பு. வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே எத்தனை வருடமாகும் என்று கேட்டபோது அவள் கோப்பை மூடி ஓரமாக வைத்தாள்.

ஜோபியின் குரல் உயர்ந்தது. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து நின்றார். இன்பமேரி மகனின் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எம்மா" என்று நிமியிடம் கேட்டாள், "அந்தக் கையெழுத்து நெசமில்லன்னு காட்ட என்ன வேணும்?"

நிமி யோசித்தாள். அந்தத் தேதியில் அந்த வீட்டில் ஆள் குடியிருந்தது, யாரும் வந்து ஒப்படைக்கவில்லை என்று தெளிவான ஆதாரம் வேண்டும். எழுத்தில், பேரும் விலாசமும் போட்டு. அது வந்தால் மேலிடத்துக்கு அனுப்பி, கோப்பைத் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்கலாம் என்பதுதான், நடக்கும் என்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள்.

படியிறங்கும்போது ஜோபி பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்கலாம் என்றான். வார்டு மெம்பரைப் பிடிக்கலாம் என்றான். ஏலத்தில் எடுத்தவர்கள் என்று தெரிந்ததிலிருந்து அந்தத் தெருவில் யாரும் இவர்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது மூவருக்கும் தெரியும்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு இன்பமேரி சொன்னாள். "அந்த வீட்டுல யார் இருந்தாவன்னு அந்த வீட்டுல இருந்தவதான் சொல்லணும். நான் போய்க் கேக்குதேன்."

"அவங்க என்னத்துக்கு எழுதித் தரணும்?" என்றான் ஜோபி. "நம்ம அவங்கள வெளிய அனுப்பத்தான கேக்குறோம்."

"தெரியும்."

ஒரு மணிக்கு நல்லேப்பிள்ளியில் இறங்கினார்கள். ஆண்கள் இருவரையும் டீக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டு இன்பமேரி தனியாக நடந்தாள். நெல் அறுத்த வயல் ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம். மே மாதம் தெருவில் நின்றபடி பார்த்த வீடுதான். அன்று கதவு சாத்தியிருந்தது. வாடகைக்கு யாரோ இருக்கிறார்கள், போய்விடுவார்கள் என்று பழைய அதிகாரி சொல்லியிருந்தார்.

இன்று கதவு திறந்தே இருந்தது. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு.

வெளியே வந்த பெண்ணுக்கு இன்பமேரியைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும். இன்பமேரி தான் யாரென்று சொன்னதும், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வந்தவளின் கைகளைப் பார்த்தாள்.

"இன்னிக்கும் பூட்டு கொண்டாந்திருக்கறீங்களா?"

"பூட்டு அவிய பையில கெடக்கு" என்றாள் இன்பமேரி. "நான் வெறுங்கையாத்தான் வந்திருக்கேன்."

அந்தப் பெண் வழியை விட்டு நகரவில்லை. வா என்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவள் பேர் நூர்ஜஹான். அவள் புருஷன் உமர் சித்தூரில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். குடோன் கட்ட வாங்கிய கடன்தான் வீட்டை விழுங்கியது. கடை போன பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கடையில் வேலைக்கு இருக்கிறார், வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு போகிறார். இதெல்லாம் அவள் வாசலில் நின்றே, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

"உங்க ஊட்டுக்காரர் போன வாரம் வந்தப்ப, சாவி குடுங்கன்னு ஒரே வார்த்தைதான் கேட்டாருங்க. நான் இருக்கற ஊட்டுக்கு எங்கிட்டயே வந்து சாவி கேக்கறாரு. எனக்குக் கோபம் வரோணும்ல. அவரு மூஞ்சியப் பாத்துக் கோபம்கூட வல்லீங்க."

இன்பமேரி நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். வங்கியில் இருக்கும் தாளைச் சொன்னாள். அதில் இந்த வீடு ஜூலை 31ஆம் தேதி காலியாக இருந்தது என்று எழுதியிருப்பதைச் சொன்னாள்.

நூர்ஜஹானின் முகம் மாறியது.

"காலியாவா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"நான் இந்த ஊட்டுல இல்லைன்னா எழுதியிருக்காங்கொ?"

அவள் உள்ளே போனாள். இன்பமேரி தயங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனாள். தான் விலை கொடுத்து வாங்கிய வீட்டுக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் முறை. சுவரின் ஈரக் கறை, கூரையில் இடம் மாறிய இரண்டு ஓடுகள், மூலையில் அடுக்கிய காலித் தீவனச் சாக்குகள் எல்லாம் கண்ணில் பட்டன. பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

நூர்ஜஹான் சுவரில் தொங்கிய காலண்டரைத் தூக்கிக் காட்டினாள். அடியில் வங்கி ஒட்டிய நோட்டீஸ், இரண்டு வருடத்துக்கு முந்தியது, ஓரம் கிழிந்திருந்தது. அதை ஒட்டிவிட்டுப் போனவர்களைத் தவிர வங்கியிலிருந்து ஒருவரும் இந்த வாசலை மிதிக்கவில்லை என்றாள். ஜூலை கடைசி நன்றாக நினைவிருக்கிறது, பள்ளிக்கூடம் எல்லாம் மூடிய மழை, சமையல்கட்டில் தண்ணீர் ஏறி இரண்டு நாள் கட்டில் மேல் அடுப்பு வைத்துச் சமைத்தது.

"கோழிகூட வெளிய போவலீங்க அன்னிக்கு. நான் எங்க போயிருப்பன்?"

"அதைத்தான் எழுதித் தரணும்" என்றாள் இன்பமேரி.

நூர்ஜஹான் காலண்டரைக் கீழே விட்டாள். அது சுவரில் மோதி நின்றது.

"எழுதிக் குடுத்தா?"

பொய் சொல்வதற்கு அந்த இடத்தில் வசதி இருந்தது. உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். வங்கியைத்தான் கேட்கப் போகிறோம் என்று நிறுத்தியிருக்கலாம். கெடுவுக்கு இன்னும் ஏழு நாள் என்று இன்பமேரியின் மனம் எண்ணிக்கொண்டே இருந்தது.

"எழுதிக் குடுத்தா பேங்கு கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் வாங்கும். போலீஸோட உங்கள வெளியேத்த வரும். அதுக்குத்தான் கேக்குதேன். அதை மறைச்சு உங்ககிட்ட வாங்க மாட்டேன். எங்க வீட்டுல ஒரு ஆளு படிக்காம கையெழுத்துப் போட்டதே போதும்."

நூர்ஜஹான் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

மகள் சுஹைனா பதறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஜங்ஷனில் உள்ள அக்ஷயா மையத்தில் வேலை. ஊர்க்காரர்களின் சான்றிதழ், பென்ஷன், ரேஷன் கார்டு விண்ணப்பங்களை நாள் முழுக்க எழுதுபவள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முதலில் சொன்ன வார்த்தை அம்மாவுக்கு.

"எழுதாதீங்கம்மா."

இரண்டாவது வார்த்தை, இன்பமேரியிடம், கொஞ்சம் பொறுங்கள் என்பது. அவள் பின்கட்டுக்குப் போய் வக்கீலிடம் பேசினாள். ஏலத்தை ரத்து செய்யச் சொல்லி நூர்ஜஹான் வீட்டார் எர்ணாகுளத்தில் கடன் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருந்தார்கள். அக்டோபர் 4 விசாரணை. வங்கி இந்த வழக்கைப் பற்றி ஏசுரத்தினத்திடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்பமேரி அதை அந்த நிமிடம்தான் தெரிந்துகொண்டாள். வழக்கு நூர்ஜஹான் பக்கம் தீர்ந்தால் வீடு தங்களுக்கு இல்லை. கட்டிய பணம் எப்போது, எப்படித் திரும்பி வரும் என்றும் தெரியாது.

அவள் சுவரோரம் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நூர்ஜஹான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

சுஹைனா திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது. வக்கீல் எழுதச் சொல்கிறார். ஆள் இருக்கும் வீட்டைக் காலி என்று வங்கி எழுதிக்கொண்டது என்றால், அது எர்ணாகுளத்தில் வங்கிக்கு எதிராக நிற்கும். இரண்டு பிரதி வேண்டும். ஒன்று வங்கிக்கு, ஒன்று வக்கீலுக்கு.

"ஆன்ட்டி, நீங்களும் கையெழுத்துப் போடோணும்" என்றாள் இன்பமேரியிடம். "சாவி உங்க கைக்கு வரவே இல்லைன்னு. அது எங்க கேஸுக்கு வேணும். உங்களுக்கு எதிராவும் வரலாம். சொல்லிப்போட்டுத்தான் கேக்கறன்."

ஒரே காகிதம். அதை வைத்து இன்பமேரி இந்த வீட்டுக்குள் வரப் பார்க்கிறாள். அதே காகிதத்தை வைத்து நூர்ஜஹான் அவளை வெளியே நிறுத்தப் பார்க்கிறாள்.

"எழுது" என்றாள் இன்பமேரி.

சுஹைனா மலையாளத்தில் எழுதினாள். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னாள். நூர்ஜஹான் இரண்டு இடத்தில் நிறுத்தி மாற்றச் சொன்னாள். மழையைச் சேர்க்கச் சொன்னாள். கோழி வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். இன்பமேரியும் அதன்படியே கேட்டுவிட்டு, கீழே தமிழில் தன் பேரை எழுதினாள். கொழுந்தெடுத்துத் தடித்த விரலுக்குள் பேனா நழுவியது.

வாசல்வரை வந்த நூர்ஜஹான், "நாலாந்தேதி நீங்களும் வருவீங்களா?" என்று கேட்டாள்.

"வரணும்போலத்தான் இருக்கு."

"அங்க பாக்கலாங்க்கா."

முதல் முறையாக அக்கா என்றாள்.

இரண்டே முக்காலுக்கு ஜோபி அந்தக் காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, நண்பன் ஒருவன் கொண்டுவந்து தந்த பைக்கில் பாலக்காட்டுக்குப் பறந்தான். கணவனும் மனைவியும் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தார்கள். எழுதி வாங்கிய கதையை இன்பமேரி சொல்லச் சொல்ல, ஏசுரத்தினம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"இன்னும் ஏழு நாள் இருக்கு" என்றாள். "அதுக்குள்ள எஸ்டேட்ல போய், வீடு இன்னும் கைக்கு வரல, ரெண்டு மாசம் தவணை குடுங்கன்னு எழுதிக் குடுப்போம். இந்தக் காகிதத்தக் காட்டினா கேப்பாவ."

அவர் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

அப்போது அவள் போன் அடித்தது. லயத்தில் பக்கத்து வீட்டு டின்சி.

"அக்கா, ஆபீஸ் சாவியப் போட்டு உங்க வீட்டத் தெறந்துட்டாவ" என்றாள் டின்சி. "சூப்பர்வைசர் வந்திருக்காரு. ஜார்க்கண்டுக்காரக் குடும்பம் ஒண்ணு சாமானோட நிக்கி. வீடு காலின்னு ரெஜிஸ்டர்ல இருக்குங்காவ. உங்க சாமானெல்லாம் என் வாசல்ல தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன். என்ன செய்ய?"

இன்பமேரி போனைக் காதிலிருந்து எடுக்காமலே புருஷனைப் பார்த்தாள்.

"சனிக்கிழம எஸ்டேட் ஆபீஸ்ல கூப்பிட்டுவிட்டாவ" என்றார் ஏசுரத்தினம். "இந்த மாசக் கிராஜுவிட்டிப் பட்டியல்ல பேரு சேரணும்னா வீட்டக் காலி பண்ணுன தாள்ல இப்பவே கையெழுத்துப் போடணும், சாவிய முப்பதாந்தேதி குடுத்தாப் போதும்னாவ."

"என்ன தேதி போட்டிருந்தாவ?"

"பாக்கல."

பாலக்காட்டு பஸ் ஒன்று வந்து நின்று, இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனது. அவள் டின்சியிடம் சாமான் நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

மூன்று ஐம்பதுக்கு ஜோபி கூப்பிட்டான். காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள், முத்திரை போட்டு நகல் கொடுத்தார்கள். மேலிடத்துக்கு அனுப்ப நாற்பத்தைந்து நாள்வரை ஆகலாம் என்று நிமி சொன்னதாகச் சொன்னான்.

எஸ்டேட் ரெஜிஸ்டரில் அவர்கள் இருந்த பத்தாம் லயத்து மூன்றாம் எண் வீடு செப்டம்பர் 23 முதல் காலி. வங்கிக் கோப்பில் நல்லேப்பிள்ளி வீடு ஜூலை 31 முதல் காலி. நாலேகாலுக்கு வந்த பொள்ளாச்சி பஸ்ஸில் ஏசுரத்தினமும் இன்பமேரியும் ஏறி, உடுமலைக்குப் போனார்கள்.